படுக்கையிலிருந்து கிணற்றடி தாண்டி: கோண்டாவில் வீடொன்றில் ரிமோட் வெளிச்சம்

பெரியம்மா விழுந்தது 2023 கார்த்திகையில், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஓர் இரவில். இடக்கை மணிக்கட்டு வீங்கிப் போயிற்று. நல்லகாலம், எலும்பு முறியவில்லை. யார் கேட்டாலும் "பாசி வழுக்கிப்போட்டுது" என்றுதான் சொன்னார். கிணற்றடியில் பாசி இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பாசி ஒவ்வொரு மாரியிலும் படிகிறது, அவரும் ஒவ்வொரு மாரியிலும் அதைத் தாண்டித்தான் நடக்கிறார். அன்றைக்கு லைற் போடாமல் போயிருக்கிறார். ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"லைற் போடுறதெண்டால் குசினிக்குள்ளை போகவேணும் மோனை. குசினிக்குப் போறதே இருட்டுக்குள்ளைதான். அவ்வளவு தூரம் இருட்டிலை வந்தனான், மிச்சத்தையும் நடக்கமாட்டனே?"

முழுப் பிரச்சினையும் அந்தப் பதிலுக்குள்ளேயே கிடந்தது. எனக்கு அது சரியாக விளங்க ஒன்றரை வருடம் எடுத்தது.

நான் 19 வருடமாக வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். ரிமோட்டில் எரியும் லைற்றுகளைப் பற்றி இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கிறார்கள். கேட்பவர்கள் அநேகமாக வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள். இங்கே தனியே தாய் அல்லது தகப்பன். பெரியம்மா வீட்டில் மூன்று தரம் செய்து, அதில் இரண்டு தரம் பிழையாகிப்போன வேலையை நடந்தபடியே எழுதுகிறேன்.

வீடும் வழியும்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் 1950களில் கட்டிய ஓட்டு வீடு. சுவர்கள் சுண்ணாம்புக் கல்லும் சாந்தும், ஒன்றரை அடித் தடிப்பு. முன்னுக்குப் படுக்கையறை, நடுவில் ஹோல், ஹோலின் ஓரத்தில் சாமியறை, பிறகு பின்விறாந்தை, விறாந்தையோடு ஒட்டியபடி குசினி. பின்கதவால் இறங்கினால் முற்றம், கிணற்றடி, அதையும் தாண்டி வளவின் மூலையில் வேப்பமரத்துக்குக் கீழே மலசலகூடம்.

மலசலகூடம் ஏன் அவ்வளவு தூரத்தில் என்று இளம் ஆட்கள் கேட்பார்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். வெடிப்புகளும் ஓட்டைகளும் நிறைந்த அந்தக் கல்லுக்குள்தான் குடிக்கிற தண்ணீரும் நிற்கிறது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம் விடமுடியுமோ அவ்வளவும் விட்டுத்தான் முந்தியவர்கள் கட்டினார்கள். அறையோடு சேர்த்து ஒன்று கட்டித்தருகிறேன் என்று மகன் ரொறன்ரோவிலிருந்து பலமுறை சொல்லிப் பார்த்தார். சாமியறைச் சுவருக்கு அந்தப் பக்கம் கக்கூசு வருவதைப் பெரியம்மா ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை. அதை நான் பிடிவாதம் என்று சொல்லமாட்டேன். 78 வயதுவரை அந்த வீட்டை அவர்தான் நடத்தியிருக்கிறார். அதில் எது எங்கே இருக்கவேண்டும் என்று சொல்லும் உரிமை அவருக்குத்தான்.

மூன்றாம் தரம் வேலை தொடங்கும்போதுதான் நாடா பிடித்து அளந்தேன். முதல் நாளே அளந்திருக்க வேண்டும். கட்டிலிலிருந்து பின்கதவு 38 அடி, பின்கதவிலிருந்து மலசலகூடக் கதவு 64 அடி. இந்த 102 அடிக்கும் மூன்று லைற். ஹோல் லைற்றின் சுவிச் முன்கதவடியில். விறாந்தை லைற்றுக்கும் மலசலகூட லைற்றுக்கும் சுவிச் குசினிக்குள். கட்டிலிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றுமில்லை. லைற்றைப் போடப் போகும்போதும் இருட்டு, திரும்பி வந்து நிற்பாட்டிவிட்டுப் படுக்கப் போகும்போதும் இருட்டு. அந்தக் காலத்தில் வயரிங் செய்தவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள்; எவராவது ஒருவர் குசினிக்குள் நின்றார்.

முதலாம் தரம்: வைஃபை பல்ப்

2024 நல்லூர்த் திருவிழாவுக்கு அந்த ரொறன்ரோ மகன், எனக்கு அண்ணா முறை, வந்தபோது நான்கு வைஃபை பல்புகள் கொண்டுவந்தார். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. அங்கத்தைய பல்பை இங்கே மாட்டினால் எரிந்துபோகும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் கொழும்பில் வாங்கி வந்தார். ஆனால் அவை திருகுகிற வகை, வீட்டில் இருந்ததெல்லாம் பின் ஹோல்டர். ஹோல்டர்களை மாற்றிக் கொடுத்தேன். கைத்தொலைபேசியில் தட்டினால் எரியும், தட்டினால் அணையும். மூன்று நாள் வீடு கொண்டாட்டமாக இருந்தது.

நாலாம் நாள் ஒன்றும் எரியவில்லை. பெரியம்மா படுக்கப்போகும் முன் வீட்டிலுள்ள எல்லாச் சுவிச்சையும் ஒவ்வொன்றாக நிற்பாட்டிவிட்டுப் போவார். 50 வருடப் பழக்கம். சுவர்ச் சுவிச்சை நிற்பாட்டினால் வைஃபை பல்புக்கும் உயிர் இல்லை. தொலைபேசியில் எத்தனை தரம் தட்டினாலும் அது கேட்காது. சுவிச்சுகளுக்கு மேல் பிளாஸ்ரர் ஒட்டிவிட்டு "தொடவேண்டாம்" என்று அண்ணா எழுதிவைத்தார். உதவிக்கு வரும் பெண்ணுக்கு அது தெரியாது. அவ உரித்துவிட்டு நிற்பாட்டினா.

அடுத்தது சுவர். வைஃபை அலை 2.4 கிகாஹேர்ட்ஸ், அலையின் நீளம் பன்னிரண்டரை சென்ரிமீற்றர். கல்லுச்சுவர் அதை நன்றாகத் தின்னும். ரவுட்டர் முன்ஹோலில் இருந்தது. விறாந்தைவரை தட்டுத்தடுமாறிப் போனது, மலசலகூடத்துக்குப் போகவேயில்லை. கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் எழும்பி நிற்க இரண்டு மூன்று நிமிடம். இதெல்லாவற்றுக்கும் மேலே, இரவு இரண்டு மணிக்கு மூக்குக்கண்ணாடியைத் தேடி, தொலைபேசியைத் தேடி, திரையைத் திறந்து, நாலு படத்துக்குள் சரியான படத்தைத் தொடுவது என்பது அவசரத்தில் எழும்பிய ஒரு கிழவிக்கான வேலையில்லை.

ஒருநாள் ரொறன்ரோவில் மாலை நாலரைக்கு அண்ணா வேலையிடத்திலிருந்து லைற்றுகளைப் பரீட்சித்துப் பார்த்தார். இங்கே அப்போது அதிகாலை இரண்டு மணி. ஹோல் லைற் தானாக எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்தது. கள்ளன் என்று நினைத்துப் பெரியம்மா சத்தமே போடாமல் விடியும்வரை கட்டிலில் இருந்திருக்கிறார். காலையில் எனக்குச் சொன்னபோதும் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கே பல்புகளைக் கழற்றிவிட்டேன்.

இரண்டாம் தரம்: 433 மெகாஹேர்ட்ஸ் ரிமோட்

2024 ஐப்பசியில், படலை திறக்கவும் மோட்டர் போடவும் நாங்கள் பாவிக்கிற சின்ன ரிமோட் வகைக்கு வந்தேன். இணையம் வேண்டாம், ரவுட்டர் வேண்டாம், தொலைபேசி வேண்டாம். 433.92 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 69 சென்ரிமீற்றர். எங்கள் தடித்த சுவருக்கு வைஃபையைவிட இது நன்றாக ஈடுகொடுக்கும். ரீவி ரிமோட் போல நேரே நீட்டவும் தேவையில்லை. ரீவி ரிமோட்டில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒளி, அது சுவரைத் தாண்டாது. இது வானொலி அலை.

தெரிவு சரி. பிழை எல்லாம் நான் பொருத்திய விதத்தில்.

எங்கள் பழைய வயரிங்கில் சுவிச் பெட்டிக்குள் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, வராது. உயிர்க்கம்பி சுவிச்சுக்கு வந்து, அங்கிருந்து மேலே லைற் தொங்கும் இணைப்பான சீலிங் ரோசுக்குப் போகும். நியூட்ரல் நேராகச் சீலிங் ரோசுக்குத்தான் போகிறது. ரிமோட்டின் அலையை வாங்கி லைற்றைப் போடும் ரிசீவர் வேலை செய்ய இரண்டும் வேண்டும் என்பதால் ரிசீவரைச் சீலிங் ரோசடியில் பொருத்தினேன். அப்படிப் பொருத்தினால் சுவர்ச் சுவிச்சை நிற்பாட்டியதும் ரிசீவரும் செத்துவிடும், வைஃபை பல்பின் கதையேதான். அதைத் தவிர்க்கச் சுவிச்சின் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி இணைத்து, மேலே வெற்றுத் தகடு போட்டு மூடினேன்.

இதுதான் இந்த வேலையிலேயே நான் செய்த பெரிய பிழை. ஒரு கிழமைக்குள் ரிமோட் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் விழுந்துவிட்டது. பெரியம்மா குசினிக்குப் போனார். அங்கே சுவிச் இல்லை. முன்பு இருட்டில் தடவித் தடவியாவது போய்ச் சேர்ந்தால் ஒரு சுவிச் இருந்தது. நான் அதையும் எடுத்துவிட்டேன். சுவர்ச் சுவிச்சைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால், சுவிச்சுக்கென்று தனி முனைகள் உள்ள ரிசீவர் வாங்கி, மேலிருந்து மூன்றாவது வயர் ஒன்று இறக்கவேண்டும். சுவருக்குள் இருந்த குழாய் இரண்டு வயருக்கே இறுக்கம். இரண்டு நாள் மினக்கெட்டு வெளியால் கேசிங் அடித்து இறக்கினேன். புது வீடு கட்டுகிறவர்கள் சுவிச் பெட்டி ஒவ்வொன்றுக்கும் நியூட்ரல் வயரையும் இழுத்துவைக்கும்படி எலக்ட்ரீஷியனிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஒரு வயர் இல்லாத குறையைப் பிறகு தீர்ப்பது பெரிய பாடு.

பிறகு வந்த கோளாறு விசித்திரமானது. கட்டிலில் இருந்து அமத்தினால் விறாந்தை லைற் எரிந்தது. அணைக்க அமத்தினால் அணையவில்லை. பற்றரியை மாற்றினேன், ரிமோட்டையே மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பல்பைக் கழற்றிப் பழைய குமிழ் பல்ப் ஒன்றைப் போட்டேன். உடனே ஒழுங்காக வேலை செய்தது. மலிந்த எல்.இ.டி. பல்புக்குள் இருக்கும் மின்சுற்று எரியும்போது வானொலி இரைச்சலையும் கக்குகிறது. அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் ரிசீவர் இருந்தால் தூரத்து ரிமோட்டின் குரல் அதற்குக் கேட்காது. பல்ப் அணைந்திருக்கும்போது இரைச்சல் இல்லை, ஆகவே "போடு" கேட்கும், "நிற்பாட்டு" கேட்காது. ரிசீவரைப் பல்பிலிருந்து நாலடி தள்ளி வைத்ததும் தீர்ந்தது. இதே கோளாறோடு ரிமோட்டைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்தவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். ரிமோட்டில் ஒரு பிழையும் இருந்திருக்காது.

மலசலகூடத்து ரிசீவருக்கு அலை மட்டுமட்டாகத்தான் போனது. தகரக் கூரைக்குக் கீழே, அதுவும் இரும்புப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். பிளாஸ்ரிக் பெட்டிக்கு மாற்றி, சுருள் அன்ரனாவை எடுத்துவிட்டு 17.3 சென்ரிமீற்றர் நேர் வயரைத் தொங்கவிட்டேன். அந்த அளவு அலையின் நீளத்தில் கால் பங்கு. அதன் பிறகு ஒருநாளும் பிசகவில்லை. பெட்டியின் ஓட்டைகளை மட்டும் அடைக்க மறந்துவிட்டேன். பல்லி ஒன்று உள்ளே போய் முனைகளுக்குக் குறுக்கே செத்து, நடு இரவில் ட்ரிப் சுவிச் விழுந்து வீடு முழுக்க இருண்டது.

பக்கத்து வீட்டு அக்கா வீட்டில் மகளின் கலியாணத்துக்குச் சோடனை லைற்றுகள் ரிமோட்டோடு வாங்கியிருந்தார்கள். அவர்கள் அதை அமத்தும்போதெல்லாம் எங்கள் மலசலகூட லைற் எரிந்தது. இந்த ரிமோட்டுகளுக்குள் இருக்கும் பழைய வகைச் சிப்பில் எட்டுக் கால்களை மூன்று நிலைகளில் வைத்து 6,561 குறியீடுகள் அமைக்கலாம். ஆனால் எட்டையும் வெறுமனே விட்டபடிதான் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. கடைக்காரரும் தொடுவதில்லை, வாங்குகிறவருக்கும் தெரியாது. ஊர் முழுக்க ஒரே திறப்பால் பூட்டியதுபோல. இரண்டு கால்களை ஈயம் வைத்து ஒட்டினேன், சரிவந்தது. இப்போதைய 20 பிட் வகையில் ஒவ்வொரு ரிமோட்டுக்கும் தனிக் குறியீடு. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை இருப்பதால் அயலோடு மோதாது. இருந்தாலும் இந்த இரண்டு வகையுமே எப்போதும் ஒரே குறியீட்டைத்தான் அனுப்புகின்றன. ஒருவர் ஒழுங்கையில் நின்று அதைப் பதிவுசெய்து திருப்பி அனுப்பலாம். லைற்றுக்குப் பரவாயில்லை. படலைப் பூட்டுக்கு வேண்டாம். அதற்கு அமத்தும்தோறும் குறியீடு மாறும் வகைதான் சரி.

சாமியறை லைற்றையும் ரிமோட்டில் சேர்க்கவா என்று கேட்டேன். "சாமிக்குப் படுத்துக்கிடந்துகொண்டே வெளிச்சம் போடுறதே?" என்றார். அதோடு விட்டேன்.

கரண்ட் போன இரவு

கரண்ட் இல்லாத இரவை அவருக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1990களில் குடாநாட்டில் மின்சாரமே இல்லாத வருடங்களில் ஜாம் போத்தல் விளக்கில்தான் பிள்ளைகளைப் படிப்பித்தவர். பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்சம் பிழிந்தெடுத்ததும், சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டதும் அவர் கதைகளில் அடிக்கடி வரும். 2022 பங்குனி முடிவில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வெட்டியபோதுகூட, அயலில் பதறாதவர் அவர் ஒருவர்தான். ஆகவே ரிமோட்டைக் கையில் கொடுத்த அன்றே கேட்டார்: "கரண்ட் போனால் இது என்ன செய்யும்?"

என்னிடம் பதில் இருந்தது, அல்லது இருந்ததாக நம்பினேன். மூன்று இடத்திலும் எமர்ஜென்சி பல்ப் போட்டிருந்தேன். கரண்ட் போனால் உள்ளே இருக்கும் சின்னப் பற்றரியில் தானாக எரியும் வகை. ரிசீவர் பூட்டமுன் மெயின் சுவிச்சை விழுத்தி ஒவ்வொன்றையும் பரீட்சித்தும் பார்த்தேன்.

2025 மாசி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்து நாடு முழுவதும் இருண்ட நாள். அன்றைக்குப் பகல் என்பதால் தப்பினோம். ஆனால் நுரைச்சோலை மின்நிலைய இயந்திரங்கள் நின்றுபோனதால் அடுத்து வந்த நாட்களில் ஒன்றரை மணிநேர வெட்டு வந்தது. ஒருநாள் பொழுதுபட்ட பிறகு, பெரியம்மா கிணற்றடியில் நிற்கும்போது, மூன்று லைற்றும் ஒன்றாக அணைந்தன. எமர்ஜென்சி பல்ப் ஒன்றுகூட எரியவில்லை. விழுந்த அதே இடத்தில், இருட்டில், அசையாமல் நின்று பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்.

அடுத்த நாள் காலை போய் யோசித்தபோது காரணம் பிடிபட்டது. எமர்ஜென்சி பல்புக்குக் கரண்ட் போனதையும், நாம் சுவிச்சை நிற்பாட்டியதையும் வேறுபிரித்து அறிய ஒரே ஒரு வழிதான் உண்டு. சுவிச் போட்டபடி இருந்தால், கரண்ட் இல்லாவிட்டாலும், வீட்டிலுள்ள மற்றச் சாமான்கள் ஊடாக அதன் இரண்டு முனைகளுக்கும் இடையில் ஒரு சுற்று முழுமையாக இருக்கும். அதை உணர்ந்தால் எரியும். ஈரக்கையால் இரண்டு முனையையும் பிடித்தால் எரிவதும் அதனால்தான். சுவிச் நின்றிருந்தால் சுற்று அறுந்திருக்கும், எரியாது. இப்போது இடையில் என் ரிசீவர். அதற்குள் இருப்பது சாதாரண ரிலே, மின்காந்தம் இழுத்துப் போடும் சுவிச். சுருளில் கரண்ட் ஓடும்வரைதான் முனைகள் பிடித்திருக்கும். கரண்ட் போன கணத்தில் வில் இழுத்து முனைகள் விடும், சுற்று அறும். ஆள் சுவிச்சை நிற்பாட்டிவிட்டார் என்றே பல்ப் எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்தது. பல்பும் நல்லது, ரிசீவரும் நல்லது. இரண்டையும் சேர்த்த பிறகு நான் மெயினை விழுத்திப் பார்க்கவில்லை.

மூன்றாம் தரம்: 12 வோல்ட்

கோபத்தோடு அன்றைக்கு அந்த வளவைச் சுற்றி நடந்தேன். வீட்டு வயரிங்கைத் திருத்தித் திருத்தி அதன்மேல் இதை ஏற்றப் பார்ப்பதுதான் பிழை என்று அப்போதுதான் பட்டது. பெரியம்மாவுக்குத் தேவை வீட்டு லைற்றுகளை ரிமோட்டில் போடுவதல்ல. 102 அடி நடக்க வெளிச்சம். அதை வீட்டுக் கரண்டோடு சேர்க்கவேண்டிய அவசியமே இல்லை.

வீட்டு வயரிங்கை இருந்தபடி திருப்பிவிட்டேன். சுவிச்சுகள் பழைய இடத்தில், பழையபடி. வழிக்கென்று தனியாக 12 வோல்ட் இணைப்பு ஒன்று: விறாந்தைக் கூரையில் 20 வாற் சூரியப் பனல், தெற்குப் பக்கம் கொஞ்சம் சரித்து, ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், 7 ஆம்பியர்-மணி மூடிய பற்றரி, மூன்று 5 வாற் எல்.இ.டி. விளக்கு, ஒவ்வொன்றுக்கும் 12 வோல்ட் ரிசீவர். பற்றரியின் நேர்முனையடியிலேயே ஒரு பியூஸ். செலவில் பெரும்பங்கு பனலுக்கும் பற்றரிக்கும் போனது.

மலசலகூடம்வரை போகும் வயர் வளைந்து வளைந்து 25 மீற்றர். 12 வோல்ட்டில் தூரம் போனால் வோல்ட் இறங்கும் என்று பலர் பயப்படுவார்கள். 5 வாற் விளக்கு 0.42 ஆம்பியர்தான் எடுக்கும். லைற் வயரிங்குக்குப் பாவிக்கும் 1/1.13 வயரே போட்டேன்; போக வர 50 மீற்றருக்கு இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. ஈரக் கிணற்றடியில், ஈரக்கையோடு நடமாடும் இடத்தில் 230 வோல்ட் இல்லாமல் போனது எனக்குப் பெரிய நிம்மதி. இந்தமுறை பெட்டி ஓட்டைகளைச் சிலிக்கனால் அடைத்தேன்.

ரிசீவரில் மூன்று விதமாக வைக்கலாம்: அமத்தியிருக்கும்வரை எரிவது, ஒரே பொத்தானில் ஒருதரம் எரிந்து மறுதரம் அணைவது, போட ஒரு பொத்தான், நிற்பாட்ட வேறொன்று. எல்லோரும் இரண்டாவதைத்தான் விரும்புவார்கள், பொத்தான் குறைவு என்பதால். பல விளக்குகளை ஒன்றாகப் போடுகிற இடத்தில் அதை வைக்கவே கூடாது. மூன்றில் ஒரு ரிசீவர் ஒரு தரம் தவறவிட்டால் போதும், அதன்பிறகு இரண்டு எரியும்போது ஒன்று அணையும். எத்தனை தரம் அமத்தினாலும் அவை ஒருபோதும் ஒத்துவராது. போடத் தனி, நிற்பாட்டத் தனி என்று வைத்தால், தவறவிட்டது இன்னொரு அமத்தலில் சேர்ந்துகொள்ளும்.

கட்டில் தலைமாட்டுச் சுவரில் ரிமோட்டைத் திருகாணி போட்டுப் பூட்டினேன். இனி அது விழாது. இன்னொன்று விறாந்தைத் தூணில், மூன்றாவது மலசலகூடக் கதவடியில், உள்ளே. மேல் பொத்தானில் பாதிப் புளியங்கொட்டையை ஒட்டினேன், இருட்டில் விரல் அதைத் தேடிப்பிடிக்கும். புளியங்கொட்டை "போறது", வழுவழுப்பு "வந்தாச்சு". பெயர் வைத்தது பெரியம்மா.

பற்றரி வேண்டாத சுவிச் ஒன்றும் பார்த்தேன். அமத்தும் வேகத்தில் உள்ளே காந்தமும் சுருளும் சேர்ந்து ஒரு துளி மின்சாரம் உண்டாக்கி, அதிலேயே அலை அனுப்பும். எங்கள் சைக்கிள் டைனமோவின் பேரப்பிள்ளை அது. பெரியம்மாவுக்கு அதைக் காட்டியபோது முகம் மலர்ந்தது. ஆனால் அதன் பாஷை அதற்கென்று வந்த ரிசீவருக்குத்தான் விளங்கும், எனக்குக் கிடைத்த அந்த ரிசீவர் 230 வோல்ட்டில் மட்டும்தான் ஓடும். மனமில்லாமல் விட்டேன். இருக்கிற ரிமோட்டுகளுக்குத் தைப்பொங்கலுக்கு முதல்நாள் பற்றரி மாற்றுவது என்று வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு ரிலேயின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு சாதாரணச் சுவிச் போட்டு அதைச் சுவரில் வைத்தேன். ரிமோட், ரிசீவர் எல்லாம் செத்தாலும் கையால் போடலாம். இரண்டாம் தரம் குசினியில் நான் பறித்ததைத் திருப்பிக் கொடுத்த மாதிரி.

விளக்குகளை மேலே தூக்கி மாட்டவில்லை. முழங்கால் உயரத்தில், நிலத்தைப் பார்த்தபடி. நித்திரையால் எழும்பிய வயதான கண்ணுக்கு மேலிருந்து அடிக்கும் வெள்ளை வெளிச்சம் கூசும். பார்க்கவேண்டியது படியும் பாசியும், "பூச்சி பொட்டு" கிடந்தால் அதுவும். எல்லாம் கீழே. மஞ்சள் வெளிச்சம் போட்டதால் மழைக்குப் பிறகு ஈசலும் குறைவு. ஆள் வந்தால் தானாக எரியும் வகையைச் சிலர் சொன்னார்கள். எங்கள் ஒழுங்கை நாய்களும் பூனைகளும் அந்த முற்றத்தால்தான் இரவெல்லாம் போய்வருகின்றன. தானாக எரியும் லைற்றுக்கு அவர் ஏற்கனவே ஒரு இரவு பயந்தும் போனவர்.

நடந்ததும் மிஞ்சியதும்

2025 சித்திரையில் முடித்தேன். இந்தமுறை எல்லாம் பூட்டியபின், லைற்றுகள் எரியும்போதே மெயினை விழுத்தினேன். வீடு இருண்டது, வழி எரிந்தது.

கணக்கில் ஒன்று என்னை ஆச்சரியப்படுத்தியது. ரிசீவர் ஒன்று சும்மா காத்திருக்க 7 மில்லிஆம்பியர் எடுக்கிறது. மூன்றும் 24 மணிநேரம் காத்திருந்தால் அரை ஆம்பியர்-மணி, ஏறக்குறைய 6 வாற்-மணி. மூன்று விளக்கும் சேர்ந்து இரவில் 25 நிமிடம் எரிந்தாலும் அதேயளவுதான். எரிவதற்குப் பிடிக்கிற அளவு கரண்ட், எரியச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கவும் பிடிக்கிறது. வெயில் உள்ள நாளில் பனல் இதைப் பொருட்படுத்தாது. கார்த்திகையில் ஐந்து நாள் அடைமழை பிடித்தபோது பற்றரி 12.1 வோல்ட்டுக்கு, அதாவது பாதிக்கு இறங்கியது. தாக்குப்பிடித்தது, ஆனால் இன்னும் இரண்டு நாள் பெய்திருந்தால் நான் சார்ஜரோடு போயிருக்க வேண்டிவந்திருக்கும். அடுத்த பற்றரி 12 ஆம்பியர்-மணியாக வாங்கப்போகிறேன்.

பாசி அந்தக் கார்த்திகையிலும் படிந்தது. உதவிக்கு வரும் பெண் கிழமைக்கு ஒருதரம் சுண்ணாம்பு போட்டு உரஞ்சுகிறா. அதைச் செய்யச் சொன்னதும் பெரியம்மாதான்: இப்போது இரவில் அது கண்ணுக்குத் தெரிகிறதாம்.

நான் திட்டமிடாத ஒன்றும் நடந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவின் அறை யன்னல் எங்கள் கிணற்றடிப் பக்கம். அந்த மாசி மாதத்து இரவுக்குப் பிறகு அவவுக்கு நித்திரை இலேசாகிவிட்டது. வழி எரிந்தால் யன்னலில் தெரியும், அணைந்தால் ஆள் வந்து படுத்தாச்சு என்று அர்த்தம். அணையக் கொஞ்சம் சுணங்கினால் மதிலடியில் வந்து நின்று, "என்ன அன்ரி, சுகமே?" என்று ஒரு குரல். பெரியம்மா சில நாள் வேண்டுமென்றே அணைக்காமல் விட்டு, அந்தக் குரலுக்குக் காத்திருந்து, நாலு கதை கதைத்துவிட்டுத்தான் "வந்தாச்சு" பொத்தானை அமத்துகிறார்.